கறுத்த மண்ணுல தங்கம் தேடுற கருவி – எதைப் பார்த்து வாங்கணும்?



மெட்டல் டிடெக்டர் எல்லாரும் பார்த்திருப்பீங்க. ஏர்போர்ட்டுல, மந்திரி வாற கூட்டத்துல போலீஸ்காரங்க கையில வச்சிருப்பாங்க. அதை வச்சு மண்ணுக்குள்ள கெடக்குற தங்கத்தைக் கண்டுபிடிக்கலாமா? கண்டுபிடிக்கலாம். ஆனா நம்ம கடற்கரையில எல்லாக் கருவியும் வேலை செய்யாது. அது எனக்கு எப்படித் தெரியும்னா, போன வருஷம் எனக்க அம்மாவுக்க கம்மல் ஒண்ணு மீன் ஏலம் போடுற இடத்துல விழுந்துபோச்சு. ஜோடி அரைப் பவுன். கடல்ல ஒண்ணும் கெடைக்காத மாசம் அடகுக்குப் போயி, மீன் பட்டதும் திரும்பி வாற கம்மல் அது. ஒத்தைக் கம்மலை வச்சு என்ன செய்ய?

பெரியம்மா மகன் அண்ணன் சவுதியில இருந்து லீவுக்கு வரும்போ ஒரு டிடெக்டர் கொண்டுவந்தாங்க. எங்க வீட்டு முற்றத்துல அம்மாவுக்க மோதிரத்தைப் போட்டுக் காட்டுனாங்க. ஒரு சாண் உயரத்துல பிடிச்சாலும் ‘கீ’ன்னு கத்திச்சு. எங்களுக்கு ஒரே சந்தோஷம். கடற்கரைக்குக் கொண்டு போனா, வச்ச இடமெல்லாம் கத்துது! தோண்டினா வெறும் மண். அண்ணன் “கருவி கெட்டுப் போச்சு”ன்னு சொன்னாங்க. அறிவியல் டீச்சர்கிட்ட கேட்டேன். “கருவி கெடல மக்களே, அது மண்ணைத்தான் சொல்லுது”ன்னாங்க.

முதல்ல கருவி எப்படி வேலை செய்யுதுன்னு பார்ப்போம். நம்ம ஒன்பதாம் வகுப்புப் பாடத்துல மின்காந்தத் தூண்டல் வருது. 1831-ல் ஃபாரடே கண்டுபிடிச்சது. டிடெக்டருக்க அடியில இருக்குற வட்டத்துக்குள்ள செம்புக் கம்பிச் சுருள் இருக்கு. அதுல மாறுதிசை மின்னோட்டம் போகும்போ மாறிக்கிட்டே இருக்குற காந்தப்புலம் மண்ணுக்குள்ள இறங்கும். அங்க ஒரு மோதிரம் கெடந்தா அதுக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் ஒரு சின்ன காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதைப் பிடிச்சு கருவி சத்தம் போடும். தங்கம்னு அதுக்குத் தெரியாது. கோலாச் சோடா மூடி கெடந்தாலும் கத்தத்தான் செய்யும்.

இனி நம்ம மண்ணு. மணவாளக்குறிச்சிப் பக்கம் நடந்து போனா மண்ணு கறுப்பா, சில இடத்துல ரோஸ் கலர்ல கெடக்கும். கறுப்பு இல்மனைட்டு. ரோஸ் கலர் கார்னெட்டு. கூடவே சிர்கான், ரூட்டைல், மோனசைட்டும் உண்டு. 1909-ல் ஷாம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர் இங்க மோனசைட்டு இருக்குன்னு கண்டுபிடிச்சார். அதுவும் எப்படி? இங்க இருந்து கப்பல்ல போன கயித்துல ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்து! இந்திய அரசாங்கத்துக்க அருமணல் ஆலை இப்பவும் அங்க நடக்குது. இல்மனைட்டுல இரும்பும் டைட்டானியமும் சேர்ந்திருக்கு. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தாள்ல சுத்தி மண்ணுல இழுத்துப் பாருங்க, கறுப்புத் துகள் மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு வரும். இந்த மாதிரி காந்தத் தன்மை உள்ள மண்ணு, கருவி அனுப்புற காந்தப்புலத்துக்குத் தானும் பதில் சொல்லும். 2 கிராம் கம்மல் சொல்லுற பதிலை விட இது ரொம்பப் பெருசு. திருவிழா மைக் செட்டுக்கு முன்னால நின்னு காதுல ரகசியம் சொன்னா கேக்குமா?

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, தங்கமும் கறுத்த மண்ணும் ஒரே இடத்துலதான் சேரும். வெள்ளை மண்ணு தண்ணியை விட ஏறத்தாழ 2.65 மடங்கு கனம். இல்மனைட்டு 4.7 மடங்கு. சுத்தத் தங்கம் 19.3 மடங்கு. ஆனி ஆடியில அலை அடிச்சு வெள்ளை மண்ணை அரிச்சுக் கொண்டு போகும், கனமானது மட்டும் கீழ தங்கும். ஆத்துல பொன் அரிக்கிறவங்களும் கறுத்த மண்ணைக் கண்டாத்தான் நின்னு அரிப்பாங்க. அதனால கருவி எங்க குழம்புதோ அங்கதான் தேடவேண்டியிருக்கு.

இந்தக் கஷ்டம் புதுசு இல்ல. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டாங்க. உடம்புக்குள்ள இருந்த குண்டைத் தேட, டெலிபோன் கண்டுபிடிச்ச கிரகாம் பெல் ஒரு கருவி செஞ்சு கொண்டுபோனார். குண்டு கெடைக்கல. படுக்கையில இருந்த இரும்புக் கம்பியும் கருவியைக் குழப்பிச்சுன்னு சொல்லுவாங்க. நமக்கு அந்தக் கம்பி இடத்துல இல்மனைட்டு.

அப்போ எதை வாங்கணும்? விலை குறைஞ்ச கருவிகள் பெரும்பாலும் வி.எல்.எஃப். வகை. ஒரே அதிர்வெண்ல வேலை செய்யும். அதுல ‘கிரவுண்ட் பேலன்ஸ்’னு ஒரு திருகு இருக்கான்னு கட்டாயம் பார்க்கணும். சுத்தமான மண்ணுக்கு மேல சுருளை ஏத்தி இறக்கிக்கிட்டே அதைத் திருப்பினா, ஒரு இடத்துல மண்ணுக்க சத்தம் அடங்கும். அண்ணன் கொண்டுவந்ததுல அது இல்ல! திருகு இருந்தாலும் காய்ஞ்ச மண்ணுக்குத்தான் சரிப்படும். அலை நனைக்குற இடத்துல உப்புத் தண்ணியும் மின்சாரத்தைக் கடத்தும். இல்மனைட்டுக்குச் சரி பண்ணினா உப்பு கத்தும், உப்புக்குச் சரி பண்ணினா இல்மனைட்டு கத்தும். ஒரே நேரத்துல பல அதிர்வெண் அனுப்புற கருவிதான் ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ஓரளவு சமாளிக்கும்.

இன்னொண்ணு பல்ஸ் இண்டக்‌ஷன். சட்டுன்னு ஒரு துடிப்பை அனுப்பிட்டு நிறுத்தி, கொஞ்சம் மைக்ரோ செகண்ட் கழிச்சுக் கேக்கும். அதுக்குள்ள மண்ணும் உப்பும் சொல்லுற பதில் பெரும்பாலும் அடங்கிடும், மோதிரத்துக்க பதில் மட்டும் மிச்சம் இருக்கும். ஆஸ்திரேலியாவுல இரும்பு கலந்த செம்மண்ணுல தங்கக்கட்டி தேட 1995-ல் மைன்லேப் கம்பெனி எஸ்.டி. 2000-ங்கிற கருவியை இந்த முறையிலதான் விட்டுச்சு. புரூஸ் கேண்டிங்கிறவர் வடிவமைச்சது. இதுலயும் குறை உண்டு. இரும்பையும் தங்கத்தையும் சரியாப் பிரிச்சுச் சொல்லாது. தூண்டில், ஆணி, மூடி எல்லாத்தையும் தோண்ட வைக்கும். மெல்லிசு செயின், கம்மல் சொல்லுற பதிலும் சீக்கிரம் அடங்கிடுறதால உப்புக்காக ரொம்ப நேரம் காத்திருந்தா அதுவும் போயிடும். விலையோ நம்ம வள்ளத்துக்கு எஞ்சின் வாங்குற மாதிரி!

கடையில காத்துல பிடிச்சுக் காட்டுறதை நம்பாதீங்க. அண்ணனும் நானும் கடற்கரையிலேயே ஒரு பிளாஸ்டிக் வாளியில கறுத்த மண்ணை நிறைச்சு சோதிச்சோம். மோதிரத்தை நாலு விரல் ஆழத்துல வச்சா, கத்துற சத்தத்துக்கு நடுவுல ஒரு மாத்தம் தெரிஞ்சுது. செயினை ரெண்டு விரல் ஆழத்துல வச்சும் ஒண்ணும் தெரியல. மோதிரம் மூடின வட்டம், அதனால மின்னோட்டம் நல்லா சுத்தி வரும். செயின்ல ஒவ்வொரு வளையமும் தனித்தனிச் சின்ன வட்டம். மோதிரமே வெட்டுப்பட்டிருந்தா பதில் ரொம்பக் குறைஞ்சிடும். மண்ணை அங்கேயே கொட்டிட்டோம். மோனசைட்டுல தோரியம் இருக்கு, அந்த மண்ணை எடுக்க அரசாங்க அனுமதி வேணும்.

உணர்திறனைக் குறைச்சு வைக்கணும்னு டீச்சர் சொன்னாங்க. கூட்டி வச்சா மண்ணுதான் கூடுதலாக் கத்தும். சின்ன வட்டம் உள்ள கருவி இன்னும் நல்லது. அது பார்க்குற மண்ணு குறைவு, அதனால சின்னத் தங்கம் தெரியும். மெதுவா, மண்ணை ஒட்டி ஆட்டணும்.

ஒரு கம்மலுக்காக இவ்வளவு விலை குடுக்கணுமான்னு அம்மா கேட்டாங்க. விழுந்த இடம் தெரிஞ்சா சல்லடைதான் லாபம். நாங்க ரெண்டு நாள் அரிச்சோம். ஏழு தூண்டிலும் ஒரு அஞ்சு ரூபாய் நாணயமும் கெடைச்சுது. இந்த ஆடி அலை மேல் மண்ணை எடுத்துட்டுப் போன பிறகு அதே இடத்துல திரும்பவும் அரிக்கப்போறோம்.