டயரின் பளு எண்

மோட்டார் வண்டியின் பளுவைத் தாங்குவது டயரின் இரப்பரே என்று பலர் எண்ணுவர். உண்மையில் அப்பளுவின் பெரும்பகுதியைத் தாங்குவது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றேயாகும். இரப்பரும் அதனுள் பொதிந்துள்ள இழைகளும் அக்காற்றை அடக்கி வைக்கும் கலம் போன்றவை. அக்கலம் எவ்வளவு பளுவுக்கு ஏற்றது என்பது டயரின் பக்கச் சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும்.

‘185/65 ஆர் 15 88 எச்’ என்னும் குறியீட்டை எடுத்துக்கொள்வோம். இதில் 185 என்பது டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கும். பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு. ‘ஆர்’ என்பது ரேடியல் அமைப்பையும், 15 என்பது சக்கர வளையத்தின் விட்டத்தை அங்குலத்திலும் காட்டும். ‘எச்’ என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் என்னும் வேக வரம்பு. எஞ்சிய 88 என்பதே பளு எண்.

பளு எண் கிலோகிராமைக் குறிப்பதன்று. அட்டவணையில் காண வேண்டிய வரிசை எண்ணேயாகும். சில எண்கள் வருமாறு:

75 — 387 கிலோகிராம்
82 — 475 கிலோகிராம்
88 — 560 கிலோகிராம்
91 — 615 கிலோகிராம்
100 — 800 கிலோகிராம்

எண் 88 உள்ள நான்கு டயர்கள் 2,240 கிலோகிராம் தாங்கும். ஆயினும் இக்கூட்டுத்தொகையை மட்டும் நம்புதல் தகாது. ஒரு வண்டியின் மொத்தப் பளு 1,950 கிலோகிராம் என்றும், விதை மூட்டைகள் பின்புறம் அடுக்கப்பட்டதால் பின் அச்சின் மீது 1,200 கிலோகிராம் விழுகிறது என்றும் கொள்வோம். அப்போது ஒவ்வொரு பின் டயரும் 600 கிலோகிராம் சுமக்கும். மொத்தம் வரம்புக்குள் இருந்தும், பின் டயர் ஒவ்வொன்றிலும் 40 கிலோகிராம் மிகை!

மிகைப் பளுவும் குறைந்த காற்றும் ஒரே தீங்கையே விளைவிக்கின்றன. சக்கரம் சுழலுந்தோறும் பக்கச் சுவர் அளவுக்கு மீறி வளைந்து நிமிர்கிறது. அதனால் வெப்பம் மிகுகிறது. இரப்பர் இழையினின்றும் பிரிகிறது. முடிவில் டயர் வெடிக்கிறது. கோடையில், நெடுந்தூர வேகப் பயணத்தில், இது உயிருக்கே ஆபத்தாகும். பளு எண் கூறும் அளவு உரிய காற்றழுத்தத்திற்கு மட்டுமே பொருந்தும். ஆகவே, புறப்படுமுன் டயர் குளிர்ந்துள்ளபோதே அழுத்தத்தை அளத்தல் வேண்டும். எண் மிகுந்த டயரை மாட்டினால் வண்டியின் சுமைத்திறன் உயர்ந்துவிடாது; வில், அச்சு, பிரேக்கு ஆகியவற்றின் வரம்பு மாறுவதில்லை.

ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். சமதரையில் கைப்பிரேக்கிட்டு நிறுத்திய வண்டியின் சக்கரத்தடியில் நான்கு புறமும் தாள்களைச் செருகி, டயர் தரையைத் தொடும் பரப்பை அளக்க. அது 150 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோகிராம் எனில், அச்சக்கரத்தின் பளு ஏறத்தாழ 315 கிலோகிராம். அழுத்தம் குறையின் பரப்பு விரிவதையும் மாணவர் நேரிற் காண்பர்.