மணி அடித்ததும்...

‘மணி அடித்ததும் குழந்தைகள் ஓடினர்.’ காரணம், விளைவு, வேகம் மூன்றையும் ‘அடித்ததும்’ என்ற ஒரே சொல் சுமக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ‘ஆஸ் சூன் ஆஸ்’ என்று எழுத என் மாணவர்கள் தயங்குவதில்லை. ‘நோ சூனர்’ வந்தால்தான் தடுமாற்றம். ‘தேன்’ வரவேண்டிய இடத்தில் ‘வென்’ எழுதி, வாக்கிய மாற்ற வினாவில் மதிப்பெண் இழக்கிறார்கள்.

விதியை ஒப்பிக்கச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ‘சூன்’ என்பதன் ஒப்பீட்டு வடிவம்தான் ‘சூனர்’ என்று கரும்பலகையில் பிரித்துக் காட்டுவேன். ‘பிக்கர்’, ‘ஸ்மாலர்’ போல இதற்கும் ‘தேன்’ வேண்டும். ‘ஹார்ட்லி’ ஒப்பீடு அன்று, அதற்கு ‘வென்’.

‘நோ சூனர் டிட் த பெல் ரிங் தேன் த சில்ரன் ரேன் அவுட்.’ இறந்தகாலத்தை ‘டிட்’ ஏற்றுக்கொண்டதால் ‘ரேங்’, ‘ரிங்’ ஆகிறது. கேள்வி வாக்கியம் அமைக்கத் தெரிந்தவர்களுக்கு இது புதிதன்று.

நான் அதிக நேரம் செலவிடுவது வேறோர் இடத்தில். ‘மணி அடித்ததும் போனோம்’, ‘மணி அடித்ததும் போவோம்’ இரண்டிலும் ‘அடித்ததும்’ மாறுவதே இல்லை. ஆங்கிலத்திலோ முன்னதற்கு ‘ரேங்’, பின்னதற்கு ‘ரிங்ஸ்’. தமிழை ஒட்டிச் சிலர் இரண்டுக்கும் ‘ரேங்’ எழுதுவர். எதிர்காலம்தானே என்று சிலர் ‘வில் ரிங்’ எழுதுவர். ‘வில்’ முதன்மை வாக்கியத்தில் மட்டுமே வரும்: ‘ஆஸ் சூன் ஆஸ் த பெல் ரிங்ஸ், வி வில் கோ.’

பள்ளி விட்டதும் என்ன செய்வீர்கள் என்று கேட்டு ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்கிறேன். பிறகு அவற்றையே நேற்று நடந்ததாக மாற்றச் சொல்கிறேன்.