வீட்டில் ஆறும் இரணம்

சத்திரசிகிச்சை முடிந்து ஒருவர் வைத்தியசாலையினின்றும் இல்லம் திரும்பியதும், சுற்றத்தார் "சுகமாயிற்று" என மகிழ்வர். புண்ணின் மேற்றோல் மூடுதற்கு ஏறக்குறைய 2 நாள் போதும். உள்ளே தசை உரம்பெறுதற்கோ மாதங்கள் செல்லும். 3ஆம் வாரத்திலும் அவ்விடத்தின் வலிமை முன்னிருந்ததில் ஐந்திலொரு பங்களவே. தையல் வெட்டியவுடன் கிணற்றில் வாளி இழுப்போர் இதனை அறிதல் வேண்டும்.

எம் மாணாக்கர் ஒருவர் குடல்வால் நீக்கப்பெற்று வீடு சென்றார். அம்மம்மா அன்பு மிகுதியால் மஞ்சளை நல்லெண்ணெயிற் குழைத்துப் புண்மேற் பூசினார். 6ஆம் நாள் காய்ச்சலும் சீழும் கண்டன. மீண்டும் வைத்தியசாலை, அவ்வாண்டு உயர்தரப் பரீட்சை தவறியது. பூச்சே முழுக் காரணம் எனத் துணியோம். மஞ்சளை இகழ்வதும் எம் கருத்தன்று. ஆயினும் அம்மியில் அரைத்த மஞ்சள் கிருமி நீங்கியதாகாது.

இவ்வறிவு தமிழுக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த வைத்தியர் சாமுவேல் கிறீன், "இரண வைத்தியம்" என்னும் நூலை 1867இல் வெளியிட்டார். அதே ஆண்டில் யோசேப்பு லிஸ்ரர், காபோலிக் அமிலத்தாற் புண்ணிற் சீழ்ப்பிடிப்பைத் தடுத்த தம் அனுபவத்தை வெளியிட்டார். சீழ் புண் ஆறுதற்குரிய இயல்பான படியன்று. வெளியிலிருந்தோ நோயாளரின் தோலிலிருந்தோ புகும் கிருமியின் விளைவே என்பது இன்று யாவரும் ஒப்பிய உண்மை.

ஆகவே கட்டினைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதலே தலையாய பணி. முதல் 2 நாள் கட்டு நனையலாகாது. பின்னர் வைத்தியர் இசையின், தூய நீரை மெல்ல ஓடவிட்டு, தேய்க்காது, சுத்தமான துணியால் ஒற்றி எடுக்கலாம். கொடுத்த மாத்திரைகளை, நோவு தணிந்ததென்று நடுவில் நிறுத்தலாகாது. நீரிழிவுடையார்க்கும் புகைப்பார்க்கும் புண் தாமதித்தே ஆறும். அவர்கட்கு இருமடங்கு கவனம் வேண்டும்.

தொடக்கத்தில் சிறிது சிவப்பும் நோவும் இயல்பே. குறைந்துவந்த நோவு மறுபடி ஏறினும், சிவப்புப் பரவினும், சீழோ துர்நாற்றமோ காய்ச்சலோ காணினும், அன்றே வைத்தியரிடம் செல்க. விடியட்டும் என இரவெல்லாம் காத்திருத்தல் ஆகாது. இத்தகைய கிருமித்தொற்று 30 நாள் சென்றும் தலைகாட்டக்கூடும்.

நோய் தீர்ந்தால் கீரிமலையில் முழுகுவதாக நேர்ந்துகொள்வோர் நம்மிடையே பலர். புண் முற்றும் மூடியதென வைத்தியர் கூறும்வரை கேணியிலும் கடலிலும் அமிழ்தல் ஆகாது. நேர்த்தி சில வாரம் பொறுக்கும்.