நெரிசலில் ஒரு டிட், ஒரு டா

தந்தி என்றாலே பயந்த காலம் ஒன்று இருந்தது. தந்திக்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் போதும். பிரித்துப் படிக்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். படிக்கத் தெரியாதவர்கள் அதை எடுத்துக்கொண்டு, படித்தவர் வீடு தேடி ஓடுவார்கள். இந்தியாவில் 2013 ஜூலை மாதத்தோடு தந்தி சேவை முடிந்துவிட்டது.

பழைய காலத்தில் தந்தி எழுத்தாக வரவில்லை. கம்பி வழியே சத்தமாக வந்தது. தந்தி ஆபீசில் இருந்தவர் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுத்தாக்கினார். இதற்குப் பயன்பட்ட சத்த எழுத்துக்கு மோர்ஸ் என்று பெயர். சாமுவேல் மோர்ஸ் என்ற அமெரிக்கரின் பெயர் அது.

நாம் குறில், நெடில் படித்திருக்கிறோம். 'அ' குறில். 'ஆ' நெடில். மோர்ஸிலும் அப்படித்தான். குறுகிய சத்தம் 'டிட்'. நீண்ட சத்தம் 'டா'. நம் நெடிலுக்கு இரண்டு மாத்திரை. 'டா' இன்னும் கொஞ்சம் பெரிய நெடில். ஒரு டாவுக்குள் மூன்று டிட் அடங்கும்.

ஆங்கில எழுத்து 'ஏ' என்றால் டிட் டா. 'என்' என்றால் டா டிட். இப்போது இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

டிட் டிட் டிட் டா. டிட் டிட் டா.

இது 'வி', 'யு' என்ற இரண்டு எழுத்துகள். இந்தியாவின் ஹாம்கள் பெரும்பாலும் இந்த இரண்டு எழுத்தில்தான் தங்கள் அடையாளத்தைத் தொடங்குவார்கள்.

ஹாம் என்றால் யார்?

சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்துக்கொண்டு, உலகில் உள்ள மற்றவர்களோடு பேசுகிறவர்தான் ஹாம். இது வியாபாரம் இல்லை. ஆசைக்காகச் செய்வது. அரசு தேர்வு வைத்து உரிமம் தருகிறது. 12 வயது நிரம்பியவர் தேர்வு எழுதலாம். சிலர் வாயால் பேசுவார்கள். சிலர் மோர்ஸ் தட்டுவார்கள். தந்தி போய்விட்டது. ஆனால் மோர்ஸ் போகவில்லை. ஹாம்கள் அதை விடவில்லை.

அவர்களுக்குள் போட்டிகள் உண்டு. மோர்ஸ் போட்டிகளில் பெரியது நவம்பர் மாதக் கடைசி சனி, ஞாயிறில் நடக்கிறது. நம் கடிகாரப்படி சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கும். திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு முடியும். மொத்தம் 48 மணி நேரம். அதற்குள் எத்தனை பேரோடு, எத்தனை நாடுகளோடு பேசினோம் என்பதுதான் கணக்கு. பேச்சு என்றால் நீளமான பேச்சு இல்லை. என் அடையாளம் இது. உன் சத்தம் இப்படிக் கேட்கிறது. என் மண்டலம் இது. அவ்வளவுதான். போட்டிக்காக உலகை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். நம் திருப்பதி, சித்தூர் எல்லாம் 22-வது மண்டலம். அந்தமான் தீவுகள் 26-வது மண்டலம்.

நகரிப் பக்கம் ஒரு வகுப்பில் இதைச் சொன்னபோது, தறி ஓட்டும் அக்கா ஒருவர் கேட்டார்.

"ஏம்ப்பா, ஆயிரம் பேரு ஒரே நேரத்துல தட்டினா யாருக்கு என்ன கேட்கும்?"

"உங்க தறிக் கொட்டகையில எத்தனை தறிக்கா ஓடுது?"

"எட்டு."

"உங்க தறி மட்டும் எப்படித் தெரியுது?"

"என் தறி சத்தம் மாறினா எனக்குத் தெரிஞ்சிடும். மத்தது ஓடினா ஓடட்டும்."

பாதி பதிலை அந்த அக்காவே சொல்லிவிட்டார். மீதிப் பாதி ரேடியோ பெட்டிக்குள் இருக்கிறது.

இடம் எவ்வளவு வேண்டும்?

ரேடியோவில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் எண் உண்டு. அதை கிலோஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கிலோ என்றால் 1000 கிராம். அதுபோல ஒரு கிலோஹெர்ட்ஸ் என்றால் 1000 ஹெர்ட்ஸ். சென்னை வானொலி 720 என்று கேட்ட நினைவு பலருக்கு இருக்கும். அந்த 720 இந்த அளவுதான்.

மீடியம் வேவ் நிலையங்களுக்கு நம் நாட்டில் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி வைத்திருக்கிறார்கள். 720-க்கு அடுத்த இடம் 729. அதற்கு அடுத்தது 738. பாட்டும் பேச்சும் நன்றாகக் கேட்க அவ்வளவு இடம் வேண்டும்.

ஹாம்கள் பேச அவ்வளவு தேவையில்லை. 3 கிலோஹெர்ட்ஸுக்குள் ஒரு குரல் அடங்கிவிடும். மோர்ஸுக்கோ இன்னும் குறைவு. தட்டும் வேகத்தைப் பொறுத்து 100 முதல் 150 ஹெர்ட்ஸ் இருந்தால் போதும். கொஞ்சம் இடைவெளி விட்டு, ஆளுக்கு 500 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வானொலி நிலையத்தின் 9 கிலோஹெர்ட்ஸ் இடத்தில் 18 மோர்ஸ்காரர்கள் நிற்கலாம். ஒரு லாரி நிற்கும் இடத்தில் பதினெட்டு சைக்கிள் நிற்கிற மாதிரி.

போட்டி நாளில் 500 கூடக் கிடைக்காது. ஆளுக்கு 300 கிடைத்தாலே பெரிய விஷயம். திருப்பதி பஸ் நிலையத்தில் திருவிழா நாளில் நின்றிருந்தால் உங்களுக்கு அந்த நெரிசல் தெரியும்.

காது செய்யும் வேலை

மோர்ஸ் ரேடியோவில் வரும்போது அதற்கென்று தனிக் குரல் கிடையாது. நம் பெட்டிதான் அதை ஒரு விசில் சத்தமாக மாற்றித் தருகிறது. நமக்கு வேண்டியவரை 600 ஹெர்ட்ஸ் விசிலாகக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மேலே 300 ஹெர்ட்ஸ் தள்ளி இன்னொருவர் தட்டுகிறார். அவர் 900 விசிலாகக் கேட்பார்.

பாட்டுத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. 600-ஐ 'ஸ' என்று வைத்தால் 900 'ப' ஆகும். கீழே 300 தள்ளி இருப்பவர் கீழ் ஸ்தாயி 'ஸ' ஆவார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் தட்டினாலும், சுருதி பழகிய காது நடு ஆளை மட்டும் பிடித்துக்கொள்ளும். நாதஸ்வரமும் ஒத்தும் சேர்ந்து ஒலிக்கும்போது பாட்டை நாம் தனியாகக் கேட்கவில்லையா?

ஆனால் காதுக்கும் ஓர் எல்லை உண்டு. பக்கத்து ஆள் ரொம்ப பலமாக இருந்தால் காது திணறும். அதற்குத்தான் பெட்டிக்குள் சல்லடை வைத்திருக்கிறார்கள். ஹாம்கள் அதை ஃபில்டர் என்பார்கள். காபி ஃபில்டர் மாதிரிதான். வேண்டியதை விட்டு, வேண்டாததை நிறுத்தும். பழைய பெட்டிகளில் இது ஒரு வகைப் படிகக் கல்லை மெல்லியதாக அறுத்துச் செய்தது. புதிய பெட்டிகளில் கம்ப்யூட்டர் சில்லு கணக்குப் போட்டுச் சலிக்கிறது. குரல் கேட்க 2400 ஹெர்ட்ஸ் அகலமுள்ள சல்லடை. மோர்ஸுக்கு 500. நெரிசல் நேரத்தில் 250.

அப்படியானால் இன்னும் சின்னதாக, 50 ஹெர்ட்ஸ் சல்லடை போட்டால் இன்னும் நல்லதுதானே? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கோயில் மணியை அடித்துவிட்டுக் கயிற்றை விட்டாலும் ஓசை நீண்டுகொண்டே போகும். ரொம்பக் குறுகலான சல்லடையும் அந்த மணி மாதிரிதான். ஒரு டிட் உள்ளே போனால் அது முடிந்த பிறகும் ஒலித்துக்கொண்டிருக்கும். அடுத்த டிட் அதன்மேல் வந்து விழும். வேகமாகத் தட்டினால் டிட் எது, டா எது என்றே தெரியாது. குறிலெல்லாம் நெடில் போலக் கேட்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நாம் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறோம். பதில் சொல்பவர் எல்லாரும் சரியாக நம் இடத்திலேயே வந்து நிற்பதில்லை. ஒருவர் 150 ஹெர்ட்ஸ் தள்ளி வந்து கூப்பிடுவார். நம் சல்லடை குறுகலாக இருந்தால் அவர் வந்ததே நமக்குத் தெரியாது. கதவை ஒரு விரல் அளவு மட்டும் திறந்து வைத்துவிட்டு, விருந்தாளி வரவில்லையே என்பது போல. எனவே தேடிப் போகும்போது குறுகல், கூப்பிட்டுக் காத்திருக்கும்போது அகலம். என்னைக் கேட்டால் இதுதான் சரி.

பலமான பக்கத்து வீட்டுக்காரர்

சல்லடை இருந்தும் சில பெட்டிகள் போட்டியில் தோற்றுப்போயின. ஏன் என்று கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் ராப் ஷெர்வுட் என்ற அமெரிக்க ஹாம். 1970-களில் பெட்டிகளைச் சோதிக்கும்போது, பலமான இன்னொரு சத்தத்தை 20 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்துப் பார்ப்பார்கள். அதில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெட்டி, மோர்ஸ் போட்டியில் தடுமாறியது. அவர் அந்தச் சத்தத்தை 2 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் வைத்துச் சோதித்தார். குட்டு வெளிப்பட்டது.

காரணம் இதுதான். பெட்டிக்குள் முதலில் ஓர் அகலமான வாசல் இருந்தது. குறுகலான சல்லடை அதற்குப் பின்னால் இருந்தது. பலமான ஆள் முதல் வாசலில் நுழைந்து, உள்ளே இருந்ததையெல்லாம் கலக்கிவிட்டார். கலங்கிய பிறகு சலித்து என்ன பயன்? அதன்பின் நல்ல பெட்டிகளில் குறுகலான சல்லடையை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஹாம்கள் பெட்டி வாங்கும் முன் அந்த 2 கிலோஹெர்ட்ஸ் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள்.

அப்படிப்பட்ட பெட்டி விலை அதிகம். இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. உள்ளே வரும் எல்லாச் சத்தத்தையும் முதலிலேயே குறைத்துவிடுவது. வேண்டியவரின் சத்தமும் குறையும். ஆனால் கலக்கம் அதைவிட அதிகமாகக் குறையும். பலருக்கு இது நம்பிக்கை வராத யோசனை. செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு தவறு மட்டும் கேட்பவரால் திருத்த முடியாதது. தட்டுபவரின் கருவி ஒவ்வொரு டிட்டையும் சட்டென்று தொடங்கி, சட்டென்று நிறுத்தினால் 'டக் டக்' என்ற சத்தம் இரண்டு பக்கமும் தெறிக்கும். கதவை அறைந்து மூடுவது போல. அந்தத் தெறிப்பு நம் இடத்துக்குள்ளேயே வந்து விழுவதால் நம் சல்லடை அதையும் விட்டுவிடும். ஒரு நொடியை 1000 பங்காக்கி, அதில் 5 பங்கு நேரம் எடுத்து மெல்லத் தொடங்கினாலே தெறிப்பு அடங்கிவிடும். இந்த வேலையை அனுப்புபவர்தான் செய்ய வேண்டும்.

ஓர் இடத்தில் தட்டத் தொடங்கும் முன், "இந்த இடத்தில் யாராவது இருக்கிறீர்களா?" என்று மோர்ஸிலேயே கேட்பது வழக்கம். பஸ்ஸில் உட்காரும் முன் "ஆள் வருதா?" என்று கேட்கிறோமே, அதேதான்.

அந்தமானில் நடந்தது

2004 டிசம்பர் மாதம் பாரதி பிரசாத் என்ற ஹாம் தன் குழுவோடு அந்தமானுக்குப் போனார். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்தவர் அவர். அந்தமானிலிருந்து ஹாம்கள் பேசப் பல ஆண்டுகளாக அனுமதி இல்லை. அதனால் உலகமே அவரோடு பேசக் காத்திருந்தது. அவர் கூப்பிட்டவுடன் ஒரே கூட்டம்.

இப்படிக் கூட்டம் சேர்ந்தால் ஹாம்கள் ஒரு முறையைக் கையாள்வார்கள். கூப்பிடுபவர் ஓர் இடத்தில் பேசுவார். "மேலே வாருங்கள்" என்று சொல்லிவிட்டு, கேட்பதை வேறு இடத்தில் கேட்பார். வருகிறவர்கள் அங்கே கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் பரவி நிற்பார்கள். இதனால் அவர் சொல்வதைக் கூட்டத்தின் சத்தம் மூடாது. அவரும் ஓர் ஓரத்திலிருந்து ஒவ்வொருவராகப் பிரித்து எடுப்பார்.

டிசம்பர் 26 காலை ஆறரை மணி அளவில் பூமி அதிர்ந்தது. அப்போது பாரதி பிரசாத் பேசிக்கொண்டிருந்தார். நில அதிர்வு என்று சொன்னார். நிலையம் அடங்கிவிட்டது. பிறகு சுனாமி வந்தது. தீவுகளில் தொலைபேசி செயல் இழந்தது. அவரும் குழுவினரும் போர்ட் பிளேரில் ரேடியோவை மறுபடி இயக்கினார்கள். யார் உயிரோடு இருக்கிறார்கள், யாருக்கு என்ன தேவை என்ற செய்திகள் ரேடியோ வழியே போயின. பெரிய நிலநாட்டில் கவலையோடு இருந்த உறவினர்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன.

அந்த நாட்களில் அவர்கள் அனுப்பியது பெரும்பாலும் பேச்சு. மோர்ஸ் இல்லை. ஆனால் கேட்கும் வேலை ஒன்றுதான். பலமான சத்தங்களுக்கு நடுவே, தூரத்துத் தீவிலிருந்து வரும் மெலிந்த குரலில் ஒரு பெயரைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு வீட்டுக்குச் செய்தி போய்விடும்.