பனித்தீவில் ஒரு பாட்டாளி ஊர்



நாம் வாழும் ஜொகூர் மாநிலம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழ ஒத்த அளவில் அமைகின்றன. உலகப் படத்தில் நார்வே நாட்டுக்கும் வடக்கே நோக்குங்கள். ஆர்க்டிக் பெருங்கடலில் ஸ்பிட்ஸ்பெர்கன் என்னும் தீவைக் காண்பீர்கள். அதன் மேற்குக் கரையில், 79ஆம் வட அகலக்கோட்டை ஒட்டி, நீ-ஓலெசுண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால், அங்கே ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டுப் பிற்பகுதி வரை கதிரவன் மறைவதில்லை. அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை உதிப்பதுமில்லை.

கோடையில் பயணிகள் கப்பலேறி அவ்வூரைக் காணச் செல்கின்றனர். மலைகளுக்கும் பனியாறுகளுக்கும் இடையே நீளும் ஒடுங்கிய கடற்குடா வழியே கப்பல் செல்லும். கரையிறங்குமுன் கைப்பேசியின் தொடர்பை நிறுத்திவிட வேண்டும். விண்ணிலிருந்து வரும் மிக மெல்லிய வானொலி அலைகளை அங்குள்ள கருவிகள் பதிவு செய்வதே காரணம். பனிக்கரடிகள் உலவும் இடமாதலால், ஊர் எல்லையைத் தாண்டித் தனியே செல்லலாகாது.

இவ்வூரை முதலில் உருவாக்கியவர்கள் அறிவியலறிஞர் அல்லர். நிலக்கரிச் சுரங்கப் பாட்டாளிகளே. நம் பெற்றோர் விடியுமுன் பிரட்டுக்குச் சென்றதுபோல, அவர்களும் இருளில் எழுந்து, இருண்ட சுரங்கத்துள் இறங்கினர். விபத்துகள் பல நேர்ந்தன. 1962 நவம்பர் 5ஆம் நாள் நிகழ்ந்த வெடிப்பில் 21 பேர் மாண்டனர். பாட்டாளிகளின் உயிருக்குப் பொறுப்பு யார் என்னும் கேள்வி நார்வே நாடாளுமன்றத்தில் எழுந்தது. 1963 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி, அரசே பதவி இழந்தது. சுரங்கமும் மூடப்பட்டது.

ஆயினும் ஊர் அழியவில்லை. அது ஆய்வு நிலையமாக மாறியது. பாட்டாளிகளுக்காக எழுந்த ஊரில் இன்று பல நாட்டு ஆய்வாளர் தங்கிக் காற்றையும் கடலையும் பனியையும் ஆராய்கின்றனர். இந்தியாவும் 2008 சூலை 1ஆம் நாள் 'ஹிமாத்ரி' என்னும் ஆய்வு நிலையத்தை அங்கே திறந்தது. நிலக்கரி இழுத்த பழைய புகைவண்டி இன்றும் கரையருகே நிற்கிறது. கப்பலில் வருவோர் அதைக் கண்டே செல்கின்றனர்.

பெற்றோர்களே! நம் தோட்டங்களிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் பல வெறுமையாயின. தொழில் மாறலாம், ஊரும் மாறலாம். உழைத்தவர்களை மறவாமல், அவர்தம் பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தால் நம் சமுதாயம் நிலைக்கும். மாணவர்களே! அத்தீவுக்கு ஆய்வாளராய்ச் செல்ல உங்களாலும் இயலும். இன்றே உலகப் படத்தை விரித்து, அதன் இடத்தைக் கண்டறியுங்கள்.