கணக்கு மென்பொருள்: தொடங்குவோர்க்கு முதற்பாடம்

கூட்டுறவுச் சங்கத்தின் உயிர் அதன் கணக்கு. வாங்கிய நூல் எவ்வளவு, நெசவாளர் இல்லத்திற்குச் சென்றது எவ்வளவு, சேலையாகத் திரும்பியது எவ்வளவு, கொடுத்த கூலி எவ்வளவு என்பவற்றை அறிய அங்கத்தினர் ஒவ்வொருவரும் உரிமையுடையவர். இக்கணக்குகளைத் திறந்த மூல மென்பொருளில் எழுதத் தொடங்கும் சங்கத்தார் முதலில் அறிய வேண்டுவதை இங்குக் காண்போம்.

திறந்த மூலம் என்பது யாது? மென்பொருளின் உள்ளமைப்பை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்பதே. நாம் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் ஈஆர்பிநெக்ஸ்ட் மும்பையில் உருவானது. குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்கீழ் வழங்கப்படுவது. உரிமத்திற்கு விலையில்லை. ஆயினும் கணிப்பொறிக்கும், பயிற்சிக்கும், பராமரிப்புக்கும் செலவு உண்டு. நிர்வாகக் குழுவினர் இதனை முன்னரே கருதுதல் வேண்டும்.

முதற்படி, பழைய ஏடுகள் அனைத்தையும் ஏற்ற முயலாதிருத்தல். மார்ச்சு 31-ஆம் நாள் முடிவு இருப்புகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு சங்கத்தில் ரொக்கம் 30,000 ரூபாய், நூல் இருப்பு 60,000, நெசவாளரிடம் வரவேண்டிய முன்பணம் 10,000 எனக் கொள்வோம். மறுபுறம் பங்குத்தொகை 70,000, வங்கிக் கடன் 30,000. இருபுறமும் ஒரு லட்சம்.

இவற்றைப் பதியும்பொழுது ஒவ்வொரு தொகைக்கும் எதிர்ப்பதிவு 'டெம்பரரி ஓப்பனிங்' எனும் தற்காலிகத் தொடக்கக் கணக்கில் விழும். யாவும் முடிந்தபின் அக்கணக்கு பூஜ்யமாக நிற்க வேண்டும். நூல் இருப்பை 6,000 எனத் தவறிப் பதிந்தால் 54,000 ரூபாய் எஞ்சி நின்று பிழையைக் காட்டிவிடும்.

பூஜ்யம் வந்துவிட்டால் எல்லாம் சரியா? இல்லை. ஒரு நெசவாளரின் 2,000 ரூபாய் பாக்கியை அதே பெயருள்ள மற்றொருவர்மீது எழுதினாலும் பூஜ்யமே வரும். மொத்தத்தைப் பொறி சரிபார்க்கும். ஆளைச் சரிபார்க்க மாட்டாது. கடன்படாதவர் கூலியில் பிடித்தம் நேர்ந்தால் சங்கத்தின்மேல் வைத்த நம்பிக்கையே குலையும். ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் தனி எண் கொடுத்து, அவரவர் பாக்கியை அவரவர்க்கே படித்துக் காட்டி ஒப்புதல் பெறுதல் இன்றியமையாதது.

'சப்மிட்' பொத்தானை அழுத்தி உறுதிசெய்த பதிவின் தொகையை அழித்தெழுத இயலாது. 'கேன்சல்' செய்து, 'அமெண்ட்' வழியாகத் திருத்திய புதுப் பதிவே எழுத வேண்டும். இது தொல்லையன்று, காவல். காரியதரிசியாயினும் எழுத்தராயினும் ஓசையின்றித் தொகையை மாற்ற முடியாதன்றோ!

முதல் மூன்று மாதங்கள் பழைய பேரேட்டையும் உடன் எழுதி, மாத முடிவில் இரண்டையும் ஒப்பிடுக. சட்டப்படி வைக்க வேண்டிய ஏடுகளைத் தணிக்கையாளரைக் கேளாமல் நிறுத்தற்க. நாள்தோறும் தரவின் படியொன்றை எடுத்து வேறோர் இடத்தில் வைக்க. அப்படியிலிருந்து கணக்கை மீட்க முடிகிறதா என்பதை ஒருமுறையேனும் சோதிக்க.

கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருத்தல் கூட்டுறவாகாது. இருவரேனும் இதனைக் கற்கட்டும். அங்கத்தினர் தத்தம் கணக்கைக் கேட்டுப் பார்க்கட்டும்.