கண்ணாடியைப் பார்த்து மீன் வளர்வதில்லை

“தொட்டி எவ்வளவோ, மீனும் அவ்வளவுதான் சார் வளரும்.”

மதுரை கோச்சடையில் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்த வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். கடையில் சொன்னார்களாம். அவர்கள் கண் வைத்திருப்பது தீப்பெட்டி நீளம்கூட இல்லாத குட்டி எம்பெரர் ஏஞ்சல் மீது. கருநீல உடம்பு, அதில் வெள்ளை வளையங்கள். யாருக்குத்தான் பிடிக்காது? முப்பது வருடம் விலங்கியல் நடத்திவிட்டேன். இதற்கு மேலும் பொறுமையாகச் சொல்ல முடியாது. அது பச்சைப் பொய்.

எம்பெரர் ஏஞ்சல் 40 செ.மீ. வரை வளரும். நம் மன்னார் வளைகுடாவிலேயே இருக்கும் புளூரிங் ஏஞ்சல் 45 செ.மீ. தொடும். வழக்கமான நாலடித் தொட்டியின் அகலம் ஒன்றரை அடி, அதாவது 45 செ.மீ. கல்லும் பைப்பும் அடைத்துக்கொண்ட இடம் போக அந்த மீன் எங்கே திரும்பும்?

“வளராம நின்னதை நானே பார்த்தேன்” என்பார்கள். நின்றிருக்கும். செருப்பை இறுக்கிக் கட்டினால் பிள்ளையின் கால் சரியாக வளராதுதான். அதை அளவான வளர்ச்சி என்போமா? சின்னத் தொட்டியில் கழிவு சீக்கிரம் சேரும். அம்மோனியா செவுளை அரிக்கும், மீனுக்குத் தீனியில் நாட்டம் குறையும். மீன் செதிலை நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். நன்றாக வளர்ந்த காலத்தில் வளையங்கள் விலகியும், தீனியும் நீரும் கெட்ட காலத்தில் நெருங்கியும் இருக்கும். மீன் பட்ட பாட்டை அதன் உடம்பே எழுதி வைத்திருக்கிறது.

போன வருடம் மேலக்கால் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். இரண்டு வருடம் ஆகியும் ஒரு சாண்தான் இருந்தது. முதுகு லேசாக வளைந்திருந்தது. கண்ணைச் சுற்றி ஊசியால் குத்தியது போலக் குழிகள். வாலை நாலு முறை அசைக்கும், கண்ணாடி வந்துவிடும், திரும்பும். “பாருங்க சார், தொட்டிக்கு ஏத்த மாதிரி வளர்ந்திருக்கு” என்றார் வீட்டுக்காரர். எனக்குப் பதில் வரவில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். எம்பெரருக்கு ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரமாவது வேண்டும். அதில் சுமார் 850 லிட்டர் பிடிக்கும். லிட்டருக்கு 35 கிராம் என்றால் முதல் நிரப்புக்கே 30 கிலோ மரைன் சால்ட். கல்லும் கண்ணாடியும் சேர்ந்தால் எடை ஒரு டன்னைத் தாண்டும். மாடி தாங்குமா என்று முதலில் கேளுங்கள். மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போதும் தண்ணீர் 27 டிகிரியைத் தாண்டக் கூடாது. சில்லர் இல்லாமல் அது நடக்காது.

மற்ற நம்பிக்கைகள்:

‘வளையம் போட்டதும் கோடு போட்டதும் வேறு வேறு மீன்.’ இல்லை. வளையம் போட்டது குட்டி. வளர்ந்தால் அதுவே மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட மீன்.

‘தனியா இருந்தா ஏங்கிப் போகும், ஜோடியா விடுங்க.’ ஒரே தொட்டியில் இரண்டை விட்டால் எல்லைக்காகக் கடித்துக் குதறிக்கொள்ளும்.

‘பவளத்தோடு சேர்த்து வளர்க்கலாம்.’ கடற்பஞ்சு தின்று பழகிய வாய் அது. பவளத்தையும் கொத்திப் பார்க்கும்.

‘ராமேஸ்வரம் போனா நாலு பவளக்கல் எடுத்துட்டு வரலாம்.’ கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுத்தால் ஜெயில்.

கடைசியாக ஒன்று. கடைக்கு வரும் பெரிய ஏஞ்சல்கள் பெரும்பாலும் கடலில் பிடித்தவை. ‘நீமோ’ என்று கேட்டு வாங்குகிறீர்களே, அந்தக் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறை, இங்கிருந்து சுமார் 150 கி.மீ. தூரத்தில் மண்டபத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள். முழுதாக வளர்ந்தாலும் ஒரு விரல் நீளத்துக்குச் சற்று மேல்தான். நாலடித் தொட்டி அதற்கு அரண்மனை.

கடைக்காரர்களே, விலைச் சீட்டில் இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: ‘வளர்ந்தால் 40 செ.மீ.’ எழுதாத கடையில், வாங்குகிறவர்களே, நீங்கள் கேளுங்கள்.